பதினாலாம் இடத்தில் ஒன்று

முத்துலிங்கம் கங்காணியைப் பற்றி தேயிலைத் தோட்டத்து மேல்பிரிவில், வரிசை வீடுகளான லயங்களில் யாரைக் கேட்டாலும் முதலில் அவருடைய குரலைத்தான் சொல்வார்கள். விடியற்காலைப் பெரட்டில் ஆட்கள் வரிசையாக நிற்க, கணக்கப்பிள்ளை பேர் வாசிப்பார். நிமிர்ந்து பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை. அக்கரப்பத்தனைக் குளிரில் கம்பளிக்குள் புதைத்த முகத்தை எந்தக் கணக்கப்பிள்ளைதான் வெளியே எடுப்பார்? பேரை வாசித்ததும் பனிமூட்டத்துக்குள்ளிருந்து "வந்திருக்குங்க" என்று ஒரு குரல் கணீரென்று போகும். பேருக்கு நேரே கோடு விழும். ஆள் பெரும்பாலும் வந்திருக்கும். சில நாள் ஆள் லயத்தில் காய்ச்சலில் சுருண்டு கிடக்கும், குரல் மட்டும் வந்திருக்கும்.

பொய்தான். ஆனால் அந்தப் பொய்யில் எத்தனை குடும்பம் பிழைத்தது என்று மேல்பிரிவுக்குத் தெரியும். நாள் கணக்கில் வராவிட்டால் பேர் வெட்டுவார்கள். பேர் வெட்டினால் வேலை போகும், வேலை போனால் குடியிருக்கிற ஒற்றை அறை, அந்த லயத்துக் காம்பராவும் போகும். அதனால் படுத்துக் கிடக்கிறவளுக்கு முத்துலிங்கம் பதில் சொல்லிவிடுவார். பிறகு மலைக்குப் போனதும் தன் கூட்டத்துப் பெண்கள் முப்பது பேரையும் ஒரு பார்வை பார்ப்பார். வாயைத் திறக்க மாட்டார். ஆளுக்கு ரெண்டு கை கொழுந்தை அள்ளி வராதவளுடைய சாக்கில் போடுவார்கள். நிறுவைக்கு வரும்போது சாக்கு மற்ற சாக்குகளோடு சாக்காக நிற்கும். ஒருமுறை மேலதிகாரி கண்டாக்கையா கண்டுபிடித்து, அவரை இரண்டு வாரம் வேலைக்கு வராதே என்று நிறுத்தி வைத்தார். மூன்றாம் வாரம் திரும்பி வந்த மனிதர் முதல் நாளே ஒருத்திக்கு "வந்திருக்குங்க" என்றார். கொழுப்பைப் பாருங்கள்.

தொண்ணூற்று மூன்றில் ராக்காயிக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தபோது பதினெட்டு நாள் அப்படிச் சொன்னார். புருசன் செத்து ஒரு வருசம்கூட ஆகாத நேரம் அது. நாற்பதை நெருங்கும்போது பிறந்த ஒரே மகள் வினோதாவுக்குப் பதின்மூன்று வயது. பத்தொன்பதாம் நாள் ராக்காயி, தலைமுடி பாதி கொட்டிப்போய், குச்சியாக வந்து பெரட்டில் நின்றாள். கணக்கப்பிள்ளை பேர் வாசித்தார். அவளே பதில் சொன்னாள். அன்றைக்கு மத்தியானம் ரொட்டியில் பாதியைப் பிய்த்து முத்துலிங்கத்தின் கையில் வைத்துவிட்டுப் போனாள். தன் வாழ்நாளில் உருப்படியாகச் செய்த காரியம் எது என்று கேட்டால் முத்துலிங்கம் அந்தப் பதினெட்டு நாளைத்தான் சொல்வார்.

இரண்டாயிரத்து மூன்றில் அவர் ஓய்வுபெற்றார். குரலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. மனைவி நாகலெட்சுமி அவரைக் கோழி விரட்ட வைத்துக்கொண்டாள். அதற்கும் அதே குரலைப் போட்டால் அடுத்த லயத்துக் கோழியும் சேர்ந்து ஓடுகிறது என்று திட்டுவாள்.

இரண்டாயிரத்து ஏழு, சித்திரை முடிந்த கையோடு நுவரெலியாவிலிருந்து கேதீஸ்வரி என்ற உத்தியோகத்தர் வந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண், முப்பது வயதிருக்கும், மழைக்கோட்டை மடித்துக் கையில் போட்டபடி சேற்றில் செருப்பில்லாமல் நடந்து வந்தாள். அந்த ஒரு காரியத்துக்கே நாகலெட்சுமிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. வயதானவர்களுக்காக ஒரு புதுத் திட்டம் என்றாள். தோட்டத்து டிஸ்பென்சரி கொடுக்கிற மாத்திரை டவுன் ஆஸ்பத்திரிக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வருகிறவருக்கு வீட்டில் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் உண்டா என்று டிஸ்பென்சரிக்குத் தெரியாது. ஆளில்லாமல் கிடப்பது சமூகசேவைக் கந்தோருக்குத் தெரியவே தெரியாது. இனிமேல் ஒரு ஆளுக்கு ஒரே கோப்பு, அது கம்ப்யூட்டரில் இருக்கும், மூன்று இடத்திலும் அதையே பார்ப்பார்கள் என்று விளக்கினாள்.

அந்தக் கோப்புக்குத் தினமும் செய்தி கொடுக்க ஒவ்வொரு பிரிவிலும் ஒருவர் வேண்டும். மேல்பிரிவில் எல்லோரும் முத்துலிங்கத்தைக் கை காட்டினார்கள்.

வேலை சுலபம்தான். மேல்பிரிவில் அறுபது தாண்டியவர்கள் இருபத்திரண்டு பேர். தினமும் காலையில் வாசல் வாசலாகப் போய்ப் பார்த்துவிட்டு, எட்டு மணிக்குள் போனில் இருபத்திரண்டு இலக்கத்தை வரிசை மாறாமல் அனுப்ப வேண்டும். நலமாக இருந்தால் ஒன்று. மருந்து வேண்டுமென்றால் இரண்டு. பார்க்க ஆளில்லை என்றால் மூன்று. உடனே வண்டி வரவேண்டுமென்றால் நாலு. செத்துப்போனால், அல்லது ஊரைவிட்டே போனால், அந்த இடத்தில் சைபர். வரிசையில் ராக்காயி பதினாலாம் ஆள். இருபத்திரண்டாம் ஆள் முத்துலிங்கமே. அவருக்கும் வயது அறுபத்து நாலாகியிருந்ததே.

கேதீஸ்வரி போனை அவர் கையில் வைத்து, கட்டைவிரலைப் பிடித்து அழுத்திக் காட்டினாள். கடைசியில் ஒன்று சொன்னாள்.

"ஐயா, நீங்கள் அனுப்புற இலக்கத்தை நம்பித்தான் அங்க ஆக்கள் வெளிக்கிடுவினம். ஒண்டெண்டு போட்டால் ஒருத்தரும் வரமாட்டினம். இதை மட்டும் மறந்திடாதேங்கோ."

மறப்பேனா என்று முத்துலிங்கம் சிரித்தார்.

லயத்துப் பக்கம் சிக்னல் கிடையாது. ஐந்தாம் நம்பர் மலையின் உச்சியில் ஒரு பாறை உண்டு, அதன்மேல் ஏறி நின்றால் போனில் கோடுகள் வரும். தினமும் மனிதர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பாறையில் நின்று ஒவ்வொரு பேராக வாய்விட்டுச் சொல்லி, பேருக்கொரு இலக்கமாக அழுத்துவார். கீழே கொழுந்தெடுக்கிற பெண்கள் கங்காணி மறுபடியும் பெரட்டுக் கூப்பிடுகிறார் என்று கேலி செய்வார்கள். அவருக்கு அது இனித்தது.

திட்டமும் வேலை செய்தது, பொய் சொல்லக்கூடாது. இரண்டாம் வாரம் இழுப்புக்காரச் சின்னராசாவுக்கு இரண்டு போட்டார். மூன்றாம் நாள் டிஸ்பென்சரி டாக்டரய்யா மோட்டார் சைக்கிளில் லயத்து வாசலுக்கே வந்து மருந்து கொடுத்தார். டாக்டரைப் பார்க்க அனுமதித் துண்டு வாங்கிக்கொண்டு மூன்று மைல் நடந்தே பழகிய சின்னராசா, வந்தவரை உட்காரச் சொல்ல மறந்து தானும் எழுந்து நின்றுகொண்டிருந்தான். அன்றைக்கு லயம் முழுக்க முத்துலிங்கத்தைப் பார்க்கிற பார்வையே வேறு.

அதற்கு அடுத்தது அழகுமுத்து. எழுபத்திரண்டு வயது, தனிக்கட்டை, பார்வை பாதிதான். அடுப்பில் கையை வைத்துச் சுட்டுக்கொண்டார். பார்க்க ஆளில்லை, அதனால் முத்துலிங்கம் மூன்று போட்டார். போட வேண்டியதும் அதுதான். நாலாம் நாள் வெள்ளை வேன் வந்தது. வந்தவர்கள் நல்லவர்கள், கையைக் கழுவிக் கட்டுப்போட்டார்கள். கோப்பைப் பார்த்தார்கள். சொந்தமென்று ஒருவருமில்லை, கண் தெரியவில்லை, நெருப்புக் காயம் என்று மூன்றும் ஒரே இடத்தில் எழுதியிருந்தது. கொத்மலைக்கு அப்பால் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் இருக்கிறது என்று வேனில் ஏற்றினார்கள். கம்பளியையும் தேநீர்க் கேத்தலையும் மடியில் வைத்துக்கொண்டு அழகுமுத்து, சாயந்தரம் வந்துவிடுவேனா கங்காணி என்று கேட்டார். வந்துவிடுவீங்க என்று முத்துலிங்கம் சொன்னார்.

ஆறாம் நாள் தோட்டத்து ஆட்கள் அழகுமுத்துவின் காம்பராவுக்கு வேறு பூட்டுப் போட்டார்கள். பத்தாம் நாள் ஒரு புதுக் குடும்பம் குடிவந்தது. ஓய்வுபெற்றவர் இருக்கும்வரை விட்டுவைக்கும், ஆள் போய்விட்டால் காம்பராவைத் தோட்டம் எடுத்துக்கொள்ளும், அது பழைய சட்டம், யாரும் யாருக்கும் அநியாயம் செய்யவில்லை. ஆனால் லயத்தில் அப்படியா பேசுவார்கள்? கங்காணி ஒரு நம்பரைப் போட்டார், ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார்கள். முப்பது வருசம் அவரைக் கண்டால் முந்தானையை இழுத்துவிட்டு வழிவிட்ட பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அழகுமுத்துவின் ஒன்பதாம் இடத்தில் சைபர் விழுந்தது.

அன்றிலிருந்து அவர் வாசலுக்கு வந்ததுமே உள்ளேயிருந்து பதில் வந்துவிடும். "ஒன்னு போடுங்க கங்காணி." இருமிக்கொண்டே ஒன்று என்பார்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒன்று என்பார்கள். முத்துலிங்கமும் ஒன்றே போட்டார். பாறையில் நின்று பேர் சொல்லி, பேருக்கு ஒன்று, பேருக்கு ஒன்று. இது அவருக்குப் புதிதா என்ன? ஆள் படுத்துக் கிடக்கும்போது வந்திருக்குங்க என்று சொன்ன வாய்தானே. இவர்களையும் அப்படித்தான் காப்பாற்றுகிறோம் என்று மனதார நம்பினார். அந்த நம்பிக்கைதான் பாழாய்ப்போன நம்பிக்கை.

ஆவணி மாதம் ராக்காயி விறகு பொறுக்கப் போன இடத்தில் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டை ஒன்று இடது உள்ளங்காலில் ஏறிவிட்டது. அவளுக்கு ஐந்தாறு வருசமாகச் சீனி வியாதி. கால் மரத்துப்போய்க் கிடந்ததால் ஏறியதே தெரியவில்லை, வீட்டுக்கு வந்து ரத்தத் தடத்தைப் பார்த்துத்தான் காலைத் திருப்பிப் பார்த்தாளாம். மஞ்சளை அரைத்துப் பூசித் துணியைச் சுற்றினாள். நாலு நாள் கழித்து முத்துலிங்கம் பார்த்தபோது துணி நனைந்திருந்தது. இரண்டு போடுகிறேன் என்றார்.

ராக்காயி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படிப் பிடிக்கிறவள் இல்லை அவள்.

"வேணாண்ணே. டாக்டரு வந்து காலப் பாத்தா டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாரு. ஆஸ்பத்திரிக்குப் போனா இவளுக்கு யாரு இருக்கான்னு கேப்பாங்க. அழகுமுத்து அண்ணன் மாதிரி என்னையும் ஏத்திருவாங்க. காம்பரா போயிரும். வினோதா கொழும்புல ஊரான் வீட்டுல கெடக்குது, நாளைக்கு அது திரும்பி வந்தா எங்க நிக்கும்? எனக்கு நோகவே இல்லண்ணே. நல்லா இருக்கேன்னு போடுங்க."

நோகவே இல்லை என்பது உண்மைதான். அதுதான் கேடு என்பது அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அன்றைக்குப் பதினாலாம் இடத்தில் ஒன்று விழுந்தது.

நாகலெட்சுமிக்கு விசயம் தெரிந்ததும் அடுப்படியில் பாத்திரத்தைப் போட்டு உடைக்காத குறை. ராக்காயி காலில் வாடை வருகிறது, போய் இரண்டு போடுங்கள் என்றாள். அவளே வேண்டாமென்கிறாளே என்றார் முத்துலிங்கம். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"முப்பது வருசமா எல்லாருக்கும் நல்லவரா இருந்து பழகிட்டீங்க. இப்ப ஒருத்திக்குக் கெட்டவரா இருக்க முடியல ஒங்களால."

சுருக்கென்று தைத்தது. மறுநாள் பாறையில் நின்று பதினாலாம் இடத்தில் இரண்டு அழுத்தினார். அழுத்தியதும் அழகுமுத்துவின் கேத்தல் கண்ணில் வந்து நின்றது. அழித்துவிட்டு ஒன்று போட்டார்.

அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை என்று அவர் நினைத்துக்கொண்டார். ஒருத்திக்கு முடியாவிட்டால் மற்றவர்கள் கொழுந்து போட்டு நிரப்புவதுதானே வழக்கம்? தன்னுடைய இருபத்திரண்டாம் இடத்தில் இரண்டு போட்டுவிட்டார். முழங்காலுக்குக் கீழே அட்டை கடித்த இடத்தை இரண்டு நாளாகச் சொறிந்து புண்ணாக்கி வைத்துக்கொண்டார். டாக்டரய்யா வந்து பார்த்தார், இதற்கா என்னைக் கூப்பிட்டாய் என்று முனகினாலும் பூசுகிற மருந்தும் ஒரு வாரத்துக்கு விழுங்கக் குளிசையும் கொடுத்துவிட்டுப் போனார். மோட்டார் சைக்கிள் சத்தம் ஓய்வதற்குள் அத்தனையும் ராக்காயி கைக்குப் போய்விட்டன.

ஐந்தே நாளில், புண்ணால் வந்திருந்த காய்ச்சல் விட்டது, வீக்கம் வற்றியது. லயமே சேர்ந்துகொண்டது. ஒருத்தி விறகு கொண்டுவந்தாள், ஒருத்தி வெந்நீர் வைத்துக் காலைக் கழுவினாள், கஞ்சிக்குக் குறைவே இல்லை. முத்துலிங்கம் வாசலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்தார். ஆளுக்கு ரெண்டு கை கொழுந்து போட்ட காலம் திரும்பி வந்த மாதிரி இருந்தது. மனிதர் அந்த வாரம் இடுப்பைப் பிடிக்காமல் மலையேறினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிசை தீர்ந்தது. மறுபடி கேட்டால் டாக்டர் காலைக் காட்டு என்பார், அட்டைக் கடி ஆறிப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வினோதா, வீட்டுவேலைக்குப் போயிருக்கிற கொழும்பிலிருந்து, முத்துலிங்கத்தின் அந்தப் போனுக்குத்தான் பேசுவாள். முன்னெல்லாம் ராக்காயியும் பாறைவரை ஏறி வந்து மகளோடு கத்திப் பேசுவாள். இப்போது முடியாதே. முதல் ஞாயிறு, அம்மாவுக்கு முழங்கால் வலி என்றார் முத்துலிங்கம். அடுத்த ஞாயிறு மழை என்றார். அதற்கடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போயிருக்கிறது என்றார். அம்மா நல்லாத்தானே இருக்கு மாமா என்று அவள் ஒவ்வொரு முறையும் கேட்டாள். நல்லா இருக்கு தாயி என்றார். அப்படிச் சொல்லச் சொல்லித்தான் ராக்காயியும் கும்பிட்டுக் கேட்டிருந்தாள்.

ஐப்பசி மழை தொடங்கிய ஒரு காலை, பக்கத்துக் காம்பராப் பெண் ஓடிவந்து கூப்பிட்டாள். ராக்காயி சுவரோரம் கிடந்தாள். ஆளைப் பார்த்து யாரென்று தெரியவில்லை அவளுக்கு, செத்துப்போன புருசன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கால் விரல்கள் மூன்று கறுத்திருந்தன, கறுப்பு கணுக்கால்வரை ஏறியிருந்தது. அந்த வாடையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. முத்துலிங்கம் செருப்பைக்கூட மாட்டாமல் ஐந்தாம் நம்பர் மலையில் ஓடினார். வழுக்கி விழுந்து எழுந்து ஓடினார். பதினாலாம் இடத்தில் நாலு போட்டார்.

ஒரு மணி நேரம் பத்து நிமிசத்தில் வண்டி வந்துவிட்டது. வந்த நர்சு கையிலிருந்த தாளைப் பார்த்து ராக்காயியின் வயதைச் சொன்னாள், சீனிக்கு எந்த மாத்திரை போடுகிறாள் என்று சொன்னாள், மகள் கொழும்பில் என்பதையும் மகளுடைய பேரையும் சொன்னாள். எல்லாம் தெரிந்திருந்தது அவர்களுக்கு. அந்தக் கால் மட்டும்தான் தெரியாது. நேற்றுவரை நலம் என்றிருக்கிறதே, இது எப்போது நடந்தது என்று நர்சு கேட்டாள். முத்துலிங்கம் குனிந்து ராக்காயியைத் தூக்கக் கை கொடுத்தார்.

நுவரெலியாவில் காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். விசம் அதற்கு முன்பே மேலே போய்விட்டது. நாலாம் நாள் ராக்காயி செத்துப்போனாள். வினோதா வந்து சேர்ந்தபோது மூச்சு இருந்தது, பேச்சில்லை. ஐந்தாம் நாள் காலை மேல்பிரிவில் சாவுத் தப்பு அடித்துக்கொண்டிருக்க, முத்துலிங்கம் பாறையில் நின்று பதினாலாம் இடத்தில் சைபர் அழுத்தினார்.

காம்பராவைத் தோட்டம் எட்டு நாள் விட்டுவைத்தது. துக்க வீடு என்பதற்காக இரண்டு நாள் கூடக் கொடுத்தோம் என்று தோட்டக் கந்தோரில் சொன்னார்கள். பிறகு பூட்டு விழுந்தது. பதினாறாம் நாள் காரியத்தை, சாமான்களை வைக்க இடமில்லாமல், முத்துலிங்கம் வீட்டில் வைத்துத்தான் செய்தார்கள். எந்தக் காம்பராவுக்காக அவள் அழுகுகிற காலை மறைத்துக்கொண்டு கிடந்தாளோ, அந்தக் காம்பராவின் கூரையிலிருந்து வேறொருத்தியின் அடுப்புப் புகை போய்க்கொண்டிருந்தது. இதைப் பார்க்கும்போது யாருக்குத்தான் நெஞ்சு வேகாது.

அன்று மத்தியானம் கேதீஸ்வரி வந்தாள். வினோதா மூலையில் உட்கார்ந்திருந்தாள், தாயின் சீலைகளை மடித்து வைத்துக்கொண்டு. கேதீஸ்வரி அவளிடம் இரண்டு வார்த்தை துக்கம் கேட்டுவிட்டு, பையிலிருந்து ஒரு நீளத் தாளை எடுத்து முத்துலிங்கத்தின் முன்னால் விரித்தாள். ராக்காயியின் கோப்பு. தேதி, பக்கத்தில் இலக்கம். ஒன்று, ஒன்று, ஒன்று என்று மூன்று பக்கம். கடைசியில் ஒரு நாலு, அதன்கீழ் மேலும் மூன்று ஒன்றுகள், பிறகு சைபர். ஆஸ்பத்திரியில் கால் வெட்டிக் கிடந்த நாட்களிலும் பழக்கத்தில் ஒன்றே அழுத்தியிருக்கிறார் மனிதர்.

மேலிடத்தில் இதைப் பார்த்துக் குழம்பிப்போயிருக்கிறார்கள் என்றாள் கேதீஸ்வரி. கால் அழுக வாரக்கணக்காகும் என்கிறார் டாக்டர், கோப்போ கடைசி நாள்வரை நலம் என்கிறது. போனில்தான் பிழை, இலக்கம் மாறிப் பதிவாகியிருக்கிறது என்று முடிவுக்கு வந்துவிட்டார்கள். நீங்கள் சரியாகத்தான் அனுப்பினீர்கள் என்று ஒரு கையெழுத்துப் போட்டால் விசயம் முடிந்தது என்று பேனாவை நீட்டினாள்.

முத்துலிங்கம் பேனாவைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டால் போதும். மிசின் பேசாது, ராக்காயியும் பேசமாட்டாள். வாசலில் நின்ற சின்னராசாவும் மற்றவர்களும் போட்டுவிடு என்பதுபோல அவரையே பார்த்தார்கள். ஒருத்தரைக் காப்பாற்ற எல்லோரும் சேர்ந்து வாயை மூடிக்கொள்வது அவர்களுக்கு அவரே சொல்லிக்கொடுத்த வித்தைதானே.

"மிசின்ல பிழையில்லங்க" என்றார். பெரட்டில் கணீரென்று போன குரல் வாசல்வரைகூடப் போகவில்லை. "நான்தான் ஒன்னு ஒன்னுன்னு போட்டேன். கால் அழுகுனது எனக்குத் தெரியும்."

கேதீஸ்வரி தாளை மடிக்கத் தொடங்கினாள். பிறகு மெதுவாகப் பேசினாள்.

"அழகுமுத்து ஐயாவை ஏத்திக்கொண்டு போனது நாங்கள்தானே. அதுக்குப் பிறகு இந்த லயத்தில ஆர்தான் உண்மை சொல்லுவினம்? காம்பரா போகுமெண்டு எங்கட கோப்பில ஒரு இடத்திலயும் இல்லை ஐயா."

வினோதா அதுவரை நிமிரவில்லை. மடித்த சீலையை மறுபடி விரித்து மறுபடி மடித்தாள். அழுது தீர்ந்த கண்ணோடு முத்துலிங்கத்தைப் பார்த்தாள்.

"காம்பரா போனாப் போகுது மாமா. நான் அங்க திரும்பி வரப்போறதா யாரு சொன்னா? ஒரே ஒரு ஞாயித்துக்கெழம உண்மையச் சொல்லியிருந்தீங்கன்னா அன்னைக்கே பஸ் ஏறியிருப்பேனே."

அம்மாதான் சொல்லச் சொன்னாள் என்று சொல்லியிருக்கலாம். செத்தவள்மேல் பழியைப் போட அவருக்கு மனம் வரவில்லை. நாகலெட்சுமி எழுந்து போய் வினோதாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையிலிருந்த சீலையை வாங்கிக்கொண்டாள். முத்துலிங்கம் வெளியே போய்ப் பெரட்டுக் களத்தில் மழையில் நின்றார். யாரும் கூப்பிடப் போகவில்லை.

வேறு ஆளைப் போடும்வரை நீங்களே அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் கேதீஸ்வரி பஸ் ஏறினாள். போனை வாங்கிக்கொண்டு போய்விட்டால் தேவலை என்று அவர் நினைத்தார், அவள் வாங்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் முத்துலிங்கம் லயத்துக் கோடிக்குப் போனார். முதல் வாசல் சின்னராசாவுடையது. அவர் வருவதைப் பார்த்ததும் சின்னராசா கம்பளியை இழுத்து வீங்கிய காலை மூடிக்கொண்டான். உள்ளே மூச்சு இழுக்கிற சத்தம் வாசல்வரை கேட்டது.

"ஒன்னு போடுங்க கங்காணி."

முத்துலிங்கம் வாசலைக் கடக்கவில்லை. அந்த லயத்தில் யார் முன்னாலும் குனிந்தறியாத மனிதர், ஈரத் தரையில் இரண்டு முழங்காலையும் ஊன்றி உட்கார்ந்தார்.

"கம்பளிய எடுப்பா. காலக் காட்டு."

சின்னராசா எடுக்கவில்லை. வேணாம் கங்காணி, என்னையும் ஏத்திருவாங்க என்றான். அடுத்தடுத்த வாசல்களில் ஒவ்வொருவராக வந்து நின்று பார்த்தார்கள். எட்டு மணிக்கு இன்னும் இரண்டு மணி நேரம்கூட இல்லை, மலையேற வேண்டும், இன்னும் பதினெட்டுப் பேரைப் பார்க்க வேண்டும். முத்துலிங்கம் கையை நீட்டியபடி அங்கேயே உட்கார்ந்திருந்தார்.